அமரர் ஊர்தியில் வந்த பந்தயக்காரி

பெனில்டா கட்டாகுத்தானின் பந்தயக் காருக்கு ஒரே ஒரு விளம்பரதாரர்தான். அது அவள் அப்பாவின் சவப்பெட்டிக் கடை. காரின் இரண்டு பக்கமும் 'கட்டாகுத்தான் இறுதிச் சேவை, ஆஞ்சலெஸ் நகரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு வெள்ளை லில்லிப் பூவும் வரைந்திருக்கும். கட்டாகுத்தான் என்றால் மணிலாவுக்கு வடக்கே இருக்கும் பம்பாங்கா மாகாணத்துப் பேச்சில் பயம் என்று பொருள். பயம் என்ற குடும்பப் பெயரோடும் சவப்பெட்டி விளம்பரத்தோடும் ஒருத்தி இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் முதுகுக்குப் பின்னால் வந்தால் முன்னால் போகிறவன் என்ன செய்வான்? ஒதுங்கி வழி விடுவான். அவள் வாங்கிய கோப்பைகளில் பாதி அப்படி வந்ததுதான் என்று எதிரிகள் சொன்னார்கள். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

அப்பா ருபெர்த்தோவுக்கு இதில் எந்தக் கூச்சமும் கிடையாது. "வேகமாப் போறவங்கதானே நமக்கு வாடிக்கை. அவங்க இருக்கிற இடத்துலதானே விளம்பரம் பண்ணணும்" என்பார்.

வார நாட்களில் பெனிங், ஊரில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அப்பாவின் அமரர் ஊர்தியை ஓட்டினாள். பின்னால் சொந்தக்காரர்கள் குடை பிடித்து நடந்து வர, பாண்டு வாத்தியம் அழுது வடிய, எறும்பு ஊர்கிற வேகம். ஞாயிற்றுக்கிழமைகளில் க்ளார்க் பந்தயப் பாதையில் வேறு வேகம். இரண்டு ஆண்டுகளாகத் தேசியப் பட்டம் அவளிடம்தான் இருந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் மைக்கை நீட்டி, ஃபார்முலா ஒன்னுக்குப் போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்டான்.

"எங்க கடைக்கு வந்தவங்கள்ல இதுவரைக்கும் யாரும் எழுந்து வீட்டுக்குப் போனதில்ல. போனா சொல்லுங்க, நானும் கிளம்பறேன்" என்றாள்.

பகடியாகச் சொன்னாலும் அவளுக்கு உண்மை தெரியும். ஐரோப்பாவில் பால்பல் விழும் முன்பே பிள்ளையைத் தூக்கிக் குட்டிக் காரில் உட்கார வைக்கிறார்கள். இவள் ஆரம்பித்ததே பதினைந்து வயதில், ஒரு வணிக வளாகத்தின் பின்பக்கம், வாடகைக் குட்டிக் காரில். இப்போது வயது இருபத்துமூன்று. மற்ற எந்தத் தொழிலிலும் சின்னப் பெண். இந்தத் தொழிலில் கிழவி.

இந்தச் சமயத்தில்தான் ப்ரெஸ்கா என்ற இத்தாலியர் வருவதாகச் செய்தி வந்தது. ஐரோப்பாவில் இளைய ஓட்டுநர்களுக்கான பந்தயங்களில் கார் விடுகிற அணி ஒன்றின் முதலாளி. க்ளார்க்கில் ஒரு சனிக்கிழமை ஆறு பேரை ஓட்டிப் பார்த்து ஒருவருக்கு அடுத்த ஆண்டு இடம் தருவார். ஆறு பேரில் பெனிங்கும் உண்டு. ஆனால் தேர்வாகிறவர் செலவில் பாதியைக் கொண்டு வர வேண்டும். ருபெர்த்தோ ஊரையே ஒரே வாரத்தில் அடக்கம் செய்தாலும் அந்தப் பாதி தேறாது.

அங்கேதான் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் எலாதியோ லான்சாங்கான் உள்ளே வந்தார். ஊரில் எல்லாரும் செல்லமாக 'காங்' என்பார்கள். "அந்தப் பொண்ணு என் பொண்ணு மாதிரி. செலவு என் பொறுப்பு" என்று வானொலியில் முழங்கினார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொந்தப் பெண்ணே அப்பாவைத் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சு. இருந்தாலும் முழக்கம் முழக்கம்தானே.

ப்ரெஸ்கா வந்து இறங்கிய வாரத்தில் காங்கின் அம்மா தோன்யா கொன்சோலசியோன் தொண்ணூற்றுநான்கு வயதில் கண்ணை மூடினார். சனிக்கிழமை அடக்கம்.

"நீதான் ஓட்டணும்னு காங் சொல்லிட்டாரு. டிவிக்காரங்க வராங்களாம். 'நம்ம ஊர் சாம்பியன் எங்க அம்மாவை வழியனுப்பறா'ன்னு சொல்லணுமாம்" என்றார் ருபெர்த்தோ.

"அன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு ஓட்டம் இருக்குப்பா."

"அவருகிட்ட முடியாதுன்னா அந்தப் பாதிச் செலவுக்கு யாரைப் போய்ப் பிடிப்பே?"

பெனிங் ஓமெங்கைப் பார்த்தாள். ஓமெங்தான் அவளுடைய பந்தயக் காருக்கு மெக்கானிக். சாவு ஊர்வலங்களில் ட்யூபா ஊதுகிறவரும் அவரே. ஆளைவிடப் பெரிய பித்தளைக் குழலைத் தோளில் சுற்றிக்கொண்டு கன்னம் வெடிக்க ஊதுவார். அவளைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் முறை வைத்து 'குயா' என்று கூப்பிடுவாள்.

"எட்டுக்குக் கிளம்பினா ஒன்பதரைக்குக் கோவில். பூசை, அடக்கம் எல்லாம் சேத்துப் பன்னெண்டு. அங்கேருந்து க்ளார்க் அரை மணி. சாப்பிடக்கூட நேரம் இருக்கு" என்றார் ஓமெங்.

"குயா, நீ காங்கை விட்டுட்டுக் கணக்குப் போடுறே" என்றாள் பெனிங்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. சனிக்கிழமை காலை, பந்தய உடைக்கு மேல் அப்பாவின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஊர்தியில் ஏறினாள். பந்தய உடை சிவப்பு. சாவு வீட்டில் சிவப்பு ஆகாது. கோட்டுக் காலருக்கு மேலே ஒரு விரல்கடை சிவப்பு எட்டிப் பார்த்ததைக் கண்டுவிட்டு அத்தைமார் மூன்று பேர் விசிறிக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். காங் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஊர்திக்கு நேர் முன்னால் நின்றார். ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை ஜனங்களைப் பார்த்து ஆடியது. துக்கமும் பிரசாரமும் ஒரே உடம்பில், ஆளுக்கு ஒரு கை.

கோவில் தெரு திரும்ப வேண்டிய இடத்தில் அவருடைய உதவியாளன் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினான்.

"சந்தைப் பக்கம் திருப்பச் சொல்றாரு."

"கோவில் இந்தப் பக்கம்ல இருக்கு."

"அம்மாவுக்குச் சந்தைன்னா உயிராம்."

தோன்யா கொன்சோலசியோன் சந்தைக்குள் கால் வைத்து நாற்பது வருஷம் இருக்கும். வேலைக்காரிகள்தான் போவார்கள். இருந்தாலும் சந்தையைச் சுற்றினார்கள். மீன்காரிகள் கையைத் துடைத்துக்கொண்டு காங்குக்குக் கை கொடுத்தார்கள். அடுத்த திருப்பத்தில் உதவியாளன் மறுபடி வந்தான்.

"பஸ் நிலையம் வழியா."

"அம்மாவுக்குப் பஸ்ஸுன்னாலும் உயிரா?"

"அப்படித்தான் சொல்றாரு."

பஸ் நிலையம் முடிந்தது. பிறகு சேவல் சண்டைக் கூடம். அந்த அம்மாள் ரத்தத்தைக் கண்டாலே மயங்கி விழுகிறவர் என்று பின்னால் நடந்து வந்த மருமகளே முணுமுணுத்தாள். மணி பதினொன்றைத் தாண்டியது. கோவில் கோபுரம் வீடுகளுக்கு மேலே தெரிந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்தவரைத் தவிர அங்கே வேறு யாருக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. மாட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பச் சொல்லி உதவியாளன் நான்காவது முறையாக ஓடி வந்தபோது பெனிங் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

காலைக் கொஞ்சம் அழுத்தினாள். ரொம்ப இல்லை. ஒரு மயிரிழை.

பின்னால் நடந்தவர்கள் எட்டி வைத்தார்கள். இன்னொரு மயிரிழை. ஓமெங் புரிந்துகொண்டார். ட்யூபாவின் 'பூம்… பூம்…' என்ற இழுவை 'பூம் பூம்' ஆயிற்று. ட்யூபா போகிற வேகத்துக்குத்தானே மற்ற வாத்தியம் போக வேண்டும். சாவுப் பாட்டு ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் திருவிழாப் பாட்டாக மாறியது. காங்கின் முழங்காலுக்குப் பின்னால் இஞ்சின் உறுமியது. அவர் வேகமாக நடந்தார். பிறகு ஓட்டமும் நடையுமானார். அப்புறம் நடை கழன்று வெறும் ஓட்டம் மட்டும் மிச்சமிருந்தது.

"மெதுவாப் போ" என்று திரும்பிக் கத்தினார். பெனிங் காதைத் தொட்டுக் காட்டினாள். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அத்தைமார் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பருமனான கவுன்சிலர் ஒருவர் ரொட்டிக் கடை வாசலில் கழன்று உட்கார்ந்து பன்னும் சோடாவும் கேட்டார். சாலையோரத்தில் நின்ற ஜனங்கள் இதை ஏதோ உடல்நல ஓட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். காங் பழக்க தோஷத்தில் அவர்களுக்கும் கையாட்டினார். கோவில் வாசலுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். படியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். எல்லாருக்கும் விலாவில் பிடித்துக்கொண்டதால் அன்று முதன்முறையாக உண்மையான முனகல் கேட்டது. காத்திருந்து அலுத்துப் பூசை உடையைக் கழற்றிவிட்ட பங்குச் சாமியார் பல் குத்திக்கொண்டே வெளியே வந்து, "இவ்வளவு அவசரமா மோட்சத்துக்கு?" என்றார்.

பூசையை அவர் அவசரப்படுத்தவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியபோது மணி இரண்டரை. பெனிங் தொப்பியைக் கழற்றி, அந்த அம்மாளுக்காக மனதாரச் சிலுவை போட்டுக்கொண்டாள். பாவம், அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஊர்தியை நோக்கி ஓடினாள். ஓமெங்கும் ட்யூபாவும், பெட்டி இருந்த இடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள்.

"பெனிங், எங்கேயாவது ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் போகணும்டி" என்று பின்னாலிருந்து ஓமெங் சொன்னார். அடக்கத்துக்குப் போனவர்கள் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு கடை கண்ணியில் நின்றால்தான் ஆவி அங்கேயே இறங்கிக்கொள்ளும். "நிக்காமப் போனா அந்தக் கெழவி நம்ம கூடவே வந்துரும்."

"வரட்டும் குயா. அவங்களுக்குத்தான் பந்தயப் பாதைன்னா உயிராச்சே."

க்ளார்க் வாசலில் காவலாளி ஊர்தியைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "யார் செத்துட்டாங்க?"

"இன்னும் யாருமில்ல. கதவைத் திற."

ஊர்தி நேராகப் பந்தயக் கார்கள் நிற்கும் கொட்டகைக்கே போயிற்று. ஓட்டி முடித்து உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் சிலுவை போட்டார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் எழுந்து வந்தான். லியாண்ட்ரோ என்று பெயர். மணிலாக்காரன், பதினேழு வயது, அப்பாவுக்கு சிமெண்டு ஆலைகள். அவனுக்குச் சமைக்க ஒருவர், உடம்பு பிடித்துவிட ஒருவர், மனதைப் பிடித்துவிட ஒருவர் என்று மூன்று பேர் கூடவே இருந்தார்கள்.

"அக்கா, இதுல நெஜமாவே பொணம் இருந்துச்சா?"

"மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு."

பின்கதவைத் திறந்து ஓமெங் எழுந்து உட்கார்ந்ததும் பையன் வந்த வழியே போய்விட்டான்.

பெனிங் கோட்டைக் கழற்றி எறிந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக் காரில் ஏறினாள். முதல் சுற்று மோசம். காலையிலிருந்து ஊர்ந்த கால்கள் இன்னும் ஊர்வலத்திலேயே இருந்தன. இரண்டாவது சுற்றில் டயர் சூடேறியது. மூன்றாவதில் நீளமான வலது வளைவுக்குள் பிரேக்கைத் தாமதமாகத் தொட்டபோது, கார் ஒரு பூனையைப் போல உடம்பைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் அவள் எதையும் நினைக்கவில்லை. காங் இல்லை, பாதிச் செலவு இல்லை, வயது இல்லை. அரயாத் மலை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை கண்ணாடிக்குள் வந்து போயிற்று. நடுவில் நாலு துளி மழை விழுந்தது. மற்றவர்கள் இதற்குத்தான் காலையில் பயந்தார்களாம். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத்தான் தளர்த்தினாள்.

இறங்கி வந்தபோது ப்ரெஸ்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, தூங்காத கண். "உன் கை ஆடவே இல்லையே. மழையிலயும் ஆடல. இதை எங்கே கத்துக்கிட்டே?"

"பெட்டிக்குள்ள ஆள் உருளக் கூடாது சார்."

அவர் சிரித்தார். வெளியே நின்ற ஊர்தியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"ஆறு பேர்ல நீதான் வேகம்" என்றார். "ஆனா இடம் அந்த சிமெண்டுப் பையனுக்கு. உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. நாங்க கெட்ட சேதியிலதான் சோறு திங்கறோம்."

"ஃபார்முலா ஒன்னுக்கு ஏணி இருக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம். நீ மேல போய்ச் சேரும்போது உனக்கு முப்பது ஆயிடும். அங்கே இருபத்தஞ்சுலயே ஆளை மாத்தறாங்க. உனக்குப் பதினாறு வயசா இருந்து, உங்க அப்பா ஒரு கடைக்குப் பதிலா ஒரு நாட்டையே வச்சிருந்தா யோசிக்கலாம். அந்தப் பையனுக்கும் வாய்ப்பு ஊசிமுனை அளவுதான். உனக்கு ஊசியே இல்ல."

பெனிங் தலையாட்டினாள். தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தை மற்றொருவர் வாயால் கேட்பது வேறு.

"ஆனா உச்சி ஒண்ணு மட்டும் இல்ல. நெடுந்தூரப் பந்தயம் இருக்கு. ஒரே காரை மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. அதுலயும் உலகப் பட்டம் உண்டு. அங்கே வயசைக் கேக்க மாட்டாங்க. கார் முழுசாத் திரும்பி வருமான்னு கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்ககிட்ட பேசறேன்."

தெரிந்த ஒருத்தரிடம் பேசுகிறேன் என்று சொல்லாத பெரிய மனிதரை அவள் பார்த்ததே இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஓடுகிற சாவு ஊர்வலம் நாடு முழுக்கக் கைப்பேசிகளில் ஓடியது. ஆறு நாள் துக்கம் காத்த குடும்பத்தை அவமதித்ததால் ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் காங்கின் அலுவலகம் அறிவித்தது. கொடுக்காததை விலக்கிக்கொள்வது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கடை படுத்துவிடும் என்று ருபெர்த்தோ தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆனால் தொலைபேசி விடாமல் அடித்தது. "எங்க மாமாவுக்கும் அந்த மாதிரி ஓட்டம் வேணும். மனுஷன் ஆயுசுல எதையும் வேகமாச் செஞ்சதில்ல" என்றது ஒரு குடும்பம்.

பெனிங் பின்கட்டில், வார்னிஷ் காயாத பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அழுதாள். அப்படி அழுதால் யாருக்கும் தெரியாது என்பது அவள் எண்ணம். ருபெர்த்தோ வந்து ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"நான்தான்பா வேகம். ஆறு பேர்ல நான்தான்." குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது?"

ருபெர்த்தோ சமையலறைப் பக்கம் கை காட்டினார். "சிசிக் வாங்கியாந்திருக்கேன். பன்னிக் காது இன்னிக்கு நல்லா மொறுமொறுன்னு இருக்கு. ஆறினா ரப்பர் ஆயிடும். கழட்டிட்டு வா."

அவள் கழற்றிவிட்டுப் போனாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இத்தாலியர் நிஜமாகவே பேசியிருந்தார். ஒரு நாள் அடக்கம் முடித்துத் திரும்பும்போது மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. நெடுந்தூரக் கார் அணி ஒன்றின் தலைவி. அவர்களுடைய மூன்றாவது ஓட்டுநர் டெங்குவில் படுத்துவிட்டாராம். "வேகத்தைப் பத்தி ப்ரெஸ்கா சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும், வண்டி முழுசா வரணும். வருவியா?" என்று கேட்டார். பெனிங் சாலையோரமாக ஊர்தியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றாள்.

செபாங்கில் ஆறு மணி நேரப் பந்தயம். ஓமெங்கையும் கூட்டிக்கொண்டு போனாள். டயர் உருட்ட ஆள் வேண்டும் என்று அணித் தலைவி சம்மதித்தார். முதல் இரண்டு பேரும் நன்றாகவே ஓட்டினார்கள். பெனிங் ஏறியபோது ஏழாவது இடம். அவள் ஏறி நாலைந்து சுற்றுக்குள் வானம் கிழிந்தது. மலேசிய மழைக்கும் பம்பாங்கா மழைக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டும் மேலிருந்து ஆளைக் குத்தும். முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று புல்லுக்குள் போய் மாடு மாதிரி நின்றன. காதுக்குள் தலைவி, "மெதுவா வந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெனிங் முன்னால் தெரிந்த சிவப்பு விளக்கை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். அது எந்த வளைவில் தடுமாறுகிறது என்று தெரிந்ததும் அங்கேயே உள்பக்கமாகக் கடந்தாள். பிறகு அதற்கு முன்னால் இருந்த விளக்கு. கொடி இறங்கியபோது மூன்றாவது இடம். காரில் ஒரு கீறல் இல்லை.

இறங்கியதும் ஓமெங் துண்டை நீட்டினார். தலைவி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார். "அடுத்த மாசம் ஜப்பான். உலகப் பட்டத்துக்கான பந்தயம். டெங்குக்காரரு இனிமே மாற்று ஆளா இருக்கட்டும். நீ இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள்.

அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"துக்க வீட்டுல. ஓய்வு பெத்த கணக்கு வாத்தியார் போயிட்டாரு. ராத்திரி முழிச்சிருக்கச் சீட்டு ஆடிட்டு இருந்தவங்கல்லாம் ஆட்டத்தை விட்டுட்டு என் போன்லதான் பந்தயம் பாத்தாங்க. நீ அந்த ரெண்டாவது வண்டியைத் தாண்டினப்ப வாத்தியார் பொண்டாட்டியே எழுந்து குதிச்சிட்டாங்க. பெட்டி மேல காபி கொட்டிருச்சு."

"ஐயையோ."

"தொடச்சிட்டேன். நல்ல வார்னிஷ்."

பயிற்சிக்காக இங்கிருந்தே நேராக ஜப்பான் போவதைச் சொன்னாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அப்ப திங்கக்கிழமை வாத்தியாரை யார் கொண்டு போறது?" என்றார் ருபெர்த்தோ.

"நீங்கதான். க்ளட்சைப் பாத்து விடுங்க, உங்களுக்கு எப்பவும் குலுக்கும்."

"எனக்குக் குலுக்கினா என்ன, அவருக்குத் தெரியவா போகுது" என்றார். பின்னால் வாத்தியாரின் மனைவி சிரித்தது கேட்டது. பெனிங் நனைந்த உடையோடு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.